வீட்டுக்குள் ஓர் அமைதியான மூலை: ஒரு வாரத்தில் அமைப்பது எப்படி?

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஆச்சி வீட்டில் தெருவைப் பார்த்த திண்ணை ஒன்று உண்டு. மதியம் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு ஆச்சி அங்கே போய்த் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். அரை மணி நேரம். "ஆச்சி திண்ணைக்குப் போயிட்டா" என்று யாராவது சொன்னால் போதும், வீட்டில் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள். வெற்றிலை மெல்லுவாள், தெருவைப் பார்ப்பாள், வேறொன்றும் செய்ய மாட்டாள்.

நான் இருப்பது சென்னையில், இரண்டாம் மாடி வாடகை வீடு. திண்ணை கிடையாது. எரிச்சலும் தூக்கமின்மையுமாக ஒரு வருஷம் ஓடிய பிறகுதான் எனக்கென்று ஒரு திண்ணையை வீட்டுக்குள்ளேயே உண்டாக்கினேன். படுக்கையறை ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவே, நாலு அடிக்கு மூன்று அடி. அதை எப்படிச் செய்தேன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வாரம் போதும், பெரிய செலவும் இல்லை.

படி 1: மூன்று நாள் இடம் தேடுங்கள்

இந்தப் படியை அவசரமாக முடிக்காதீர்கள். இடம் சரியாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

ஒரு தாளில் வீட்டில் உங்களுக்குத் தோன்றும் மூன்று நான்கு இடங்களை எழுதுங்கள். காலை 6 மணி, மதியம் 3 மணி, இரவு 9 மணி என்று ஒவ்வொரு நேரத்திலும் ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். வெயில் எப்படி, காற்று வருகிறதா, என்ன சத்தம் கேட்கிறது, யார் யார் குறுக்கே நடக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முதலில் பிடித்தது ஹாலின் ஒரு மூலை. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் சமையலறையிலிருந்து குளியலறைக்குப் போகிற எல்லோரும் அந்த வழியாகத்தான் போனார்கள். பால்கனி மேற்குப் பார்த்தது. மதியத்துக்கு மேல் சுவர் சுட ஆரம்பித்தால் இரவு வரை ஆறாது. மொட்டை மாடியும் அப்படித்தான். பகல் முழுக்கக் குடித்த சூட்டைக் கான்கிரீட் பொழுது சாய்ந்த பிறகு மெல்ல மெல்லத்தான் விடும். சித்திரை, வைகாசியில் மாடியில் உட்கார நினைப்பவர்கள் வெயில் ஏறுவதற்கு முன் போங்கள், அல்லது இரவு எட்டுக்கு மேல் போங்கள். சாயங்காலமே தரையில் இரண்டு வாளி தண்ணீர் தெளித்துவிட்டால் கொஞ்சம் தணியும்.

கடைசியில் ஜன்னலோரம் தேறியது. வெளியே பக்கத்து வீட்டு முருங்கை தெரியும். மரம் தெரிகிற ஜன்னலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை ஒப்பிட்டிருந்தார். 23 பேருடைய ஜன்னலில் மரங்கள் தெரிந்தன, 23 பேருக்குச் செங்கல் சுவர். மரங்களைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சராசரியாகச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டது. மரம் இல்லாவிட்டால் ஒரு துண்டு வானம் தெரிந்தாலும் சரி, அந்தப் பக்கம் பார்த்து உட்காருங்கள்.

கட்டில், டிவிக்கு எதிர்ப்பக்கம், ஆபீஸ் வேலை செய்கிற மேஜை இந்த மூன்றும் வேண்டாம். அங்கே உட்கார்ந்ததுமே உடம்பு பழைய பழக்கத்துக்குப் போய்விடும். பூஜை மூலையைப் பற்றிப் பலர் கேட்பார்கள். அங்கே உட்கார்ந்தால் மனசு அடங்குகிறது என்றால் தாராளமாக அதையே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அங்கே போனால் விளக்குத் துடைக்க வேண்டும், பூ மாற்ற வேண்டும் என்று வேலைதான் கண்ணில் படும். அதனால் தனியாக வைத்தேன்.

படி 2: வேலை சொல்கிற பொருளை எடுத்துவிடுங்கள்

தேர்ந்தெடுத்த இடத்தில் உட்கார்ந்து, கண்ணுக்கு எட்டியதை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி, கரண்ட் பில், தைக்கக் கிடக்கும் பட்டன், படிக்காத பேப்பர் கட்டு என்று எதுவெல்லாம் "என்னைக் கவனி" என்று கூப்பிடுகிறதோ, அதையெல்லாம் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டி மறைத்துவிடுங்கள். என் பீரோ மேல் இருந்த அட்டைப் பெட்டிகளை அப்படித்தான் மறைத்தேன்.

படி 3: உட்கார ஏதாவது

ஒரு கோரைப் பாய், அதன்மேல் நாலாக மடித்த பருத்திச் சேலை, முதுகுக்கு ஒரு தலையணை. முழங்கால் வலி உள்ளவர்கள் கை வைத்த நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள், தரையில்தான் உட்கார வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

படி 4: வெளிச்சம், வாசனை, ஒரு செடி

நம் வீடுகளில் டியூப்லைட் பெரும்பாலும் 6500 கெல்வின், பளிச்சென்ற வெள்ளை. மாலையில் அந்த வெளிச்சத்தில் மனசு ஆறுவது கஷ்டம். கடையில் 'வார்ம் ஒயிட்' என்று கேளுங்கள்; பல்ப் பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருக்கும். குறைந்த வாட்டில் ஒன்று போதும்.

வாசனைக்கு ஒரு சின்ன மண் சட்டியில் தண்ணீர் ஊற்றி ஒரு பிடி வெட்டிவேர் போட்டு வையுங்கள். ஊதுபத்தி பிடிக்கும் என்றால் ஜன்னலைத் திறந்து வைத்துக் கொளுத்துங்கள். வீட்டில் யாருக்காவது இளைப்பு இருந்தால் அதுவும் வேண்டாம்.

செடிக்குக் கற்பூரவல்லியைச் சொல்வேன். பக்கத்து வீட்டில் ஒரு குச்சி ஒடித்து வாங்கி நட்டால் பிடித்துக்கொள்ளும். இலையை லேசாகத் தேய்த்தாலே மணம் வரும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு முறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதுமாதிரியான இடத்தில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும்.

படி 5: வீட்டில் சொல்லிவிடுங்கள்

பாயும் பல்பும் வாங்கியதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். நானும் முதலில் நின்றேன். பத்து நாள் யாரிடமும் சொல்லாமல் போய் உட்கார்ந்தேன். "சீப்பு எங்கே?", "குக்கர் எத்தனை விசில்?" என்று கேள்விகள் ஜன்னலோரம் வரைக்கும் வந்தன. எனக்குக் கோபம் வந்தது. அவர்கள்மேல் தப்பில்லை, நான் சொல்லவே இல்லையே.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சை எடுத்தேன். "அத்தை, தினம் சாயங்காலம் ஆறரைக்கு ஒரு கால் மணி நேரம் நான் ஜன்னல்கிட்ட சும்மா உட்காரப் போறேன். அடுப்பை அணைச்சிட்டுத்தான் வருவேன். அந்த நேரம் மட்டும் கூப்பிடாம இருந்தா நல்லா இருக்கும்." அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான் காலையில துளசிகிட்ட உட்கார்றேன்ல, அது மாதிரியா?" என்று கேட்டார்கள். ஆமாம் அத்தை, அதே மாதிரிதான். எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், அவர்களுக்கும் அப்படி ஓர் இடம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இப்போது அவர்கள் துளசி நேரத்தில் நான் கூப்பிடுவதில்லை.

என் மகளுக்கு ஆறு வயது. "அம்மா தொட முடியாத இடத்துக்குப் போகிறாள்" என்று அவள் நினைத்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. அதனால் அவளுக்கு ஒரு விதி: எப்போது வேண்டுமானாலும் வந்து பக்கத்தில் உட்காரலாம், பேசக் கூடாது. இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு ஓடிவிடுவாள். சில நாள் என் மடியிலேயே தூங்கிவிடுவாள்.

வீட்டில் பேசும்போது எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், அதற்குள் எந்த வேலை முடிந்திருக்கும் என்ற மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். "எனக்குக் கொஞ்சம் நிம்மதி வேணும்" என்று மட்டும் சொன்னால் கேட்பவர்களுக்கு அது குறை சொல்வதுபோலப் படும்.

படி 6: முதல் வாரம் அங்கே என்ன செய்வது?

போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு வாருங்கள். சைலன்ட்டில் வைத்து மடியில் வைத்துக்கொள்வது உதவாது, கை தானாகப் போகும். நேரம் தெரிய ஒரு டம்ளர் சுக்குக் காபி எடுத்துக்கொள்ளுங்கள். சூடாகத் தொடங்கி மெதுவாகக் குடித்து முடித்தால் பத்து, பதினைந்து நிமிடம்.

முதல் மூன்று நாள் காபி குடியுங்கள், வெளியே பாருங்கள், அவ்வளவுதான். நான்காம் நாளிலிருந்து கடைசி ஐந்து நிமிடம் மூச்சைச் சேர்த்துக்கொள்ளலாம். நாலு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஒரு மூச்சுக்குப் பத்து நொடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். விடுகிற நேரத்தை நீட்டுவது அதற்காகத்தான். தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

இரண்டாம் மூன்றாம் நாளில் அழுகை வரலாம். எனக்கு வந்தது. நாள் முழுக்க ஓடும்போது ஒதுக்கி வைத்ததெல்லாம் உட்கார்ந்ததும் மேலே வருகிறது. வரட்டும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் போய் உட்காருங்கள், சேர்த்து அரை மணி நேரம் உட்கார வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் அக்கறையோடு சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேலாக மனச்சோர்வோ தூக்கமின்மையோ விடாமல் இருந்தால், அல்லது வாழ்வே வேண்டாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும், இந்த மூலையை நம்பிக் காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் போங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் இடமே இல்லை என்றால்?

ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கிற வீட்டில் மூலையைத் தேடி என்ன செய்வது? அங்கே நேரத்தைத்தான் இடமாக்க வேண்டும். எல்லோரும் எழுவதற்கு முன் அதே சுவரோரம் அதே பாயை விரியுங்கள், முடிந்ததும் சுருட்டி வையுங்கள். நாலைந்து நாளில் பாயை விரிக்கிற சத்தமே மனசு அடங்கப் போதுமானதாகிவிடும்.

ஹாஸ்டலில் இருப்பவர்கள் வெளியே தேடுங்கள். சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், எழும்பூர் கன்னிமாரா, மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் எல்லாம் காசில்லாமல் உட்காரக்கூடிய இடங்கள். ஜன்னலோர நாற்காலி கிடைக்கக் காலையிலேயே போய்விடுங்கள். கோயில் மண்டபம் என்றால் மதியம் நடை சாத்திவிடுவார்கள், நாலு மணிக்கு மேல் போனால் மாலைக் கூட்டம் சேருவதற்குள் ஒரு தூணடி உங்களுக்குக் கிடைக்கும்.