அத்தைக்கு ஒரு கணினி: வயர் தொங்காமல் வாங்கி வைக்கும் முறை

கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு. தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற என் அத்தைக்கு 74 வயது. "கைப்பேசியில பேத்தி முகம் புளியங்கொட்டை அளவுதான்யா தெரியுது. ஒரு கம்பியூட்டர் வாங்கிக் குடு. ஆனா வயரு கியரு எதுவும் தொங்கக் கூடாது" என்றார். முதல் தடவை தப்பாக வாங்கினேன், இரண்டாம் தடவை சரியாக அமைந்தது. உங்களுக்கு அந்த முதல் தடவை வேண்டாம்.

1. மேசையிலிருந்து தொடங்குங்கள்

கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குள் நுழைந்துவிட்டால் கடைக்காரர் காட்டுவதெல்லாம் நமக்கு வேண்டியதாகவே தோன்றும். அதனால் வீட்டிலேயே மேசையின் அகலம், ஆழம், பக்கத்தில் எத்தனை பிளக் பாயிண்ட், வைஃபை எட்டுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அத்தையிடம் இருந்தது பழைய தையல் மெஷின் மேசை. ஆழம் 50 சென்டிமீட்டர்கூட இல்லை. பெரிய பெட்டிக்கு அங்கேயே வழியில்லாமல் போனது.

2. எந்த வடிவம்?

மடிக்கணினிக்கு வயர் ஒன்றுதான், ஆனால் நாள் முழுக்கக் குனிந்து பார்க்க வேண்டும். கழுத்து வலிக்காரர்களுக்கு வாங்காதீர்கள். திரையும் கணினியும் ஒன்றாய் இருக்கும் ஆல்-இன்-ஒன் பார்க்க அழகு. திரை போனால் மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

என் தேர்வு மினி பிசி. இரண்டு நாசி லெமாக் பொட்டலத்தை அடுக்கி வைத்த அளவுதான் இருக்கும். திரையின் முதுகிலேயே திருகி மாட்டிவிடலாம், மேசையில் இடமே பிடிக்காது. அதற்குத் திரையின் பின்புறம் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகு ஓட்டைகள் வேண்டும். வேசா என்று கேட்டால் கடையில் புரிந்துகொள்வார்கள். விலை குறைந்த சில திரைகளில் அது இருக்காது. பணம் கட்டுமுன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

3. எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்

நான் ஏமாந்தது இங்கேதான். "கோர் ஐ7 பாஸ், நல்ல பவர்" என்று ஒரு கடையில் அலுவலகத்தில் கழித்துவிட்ட பழைய பெட்டியைத் தள்ளிவிட்டார்கள். கணினிக்கு மூளையான இன்டெல் சில்லின் பெயர் அது. ஐ7 என்றதும் வாயைப் பிளந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஐ7-4770. கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் எண்தான் தலைமுறை. அது 4. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 14 அக்டோபர் 2025-உடன் முடிந்துவிட்டது. வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கப் போகிறவருக்கு அந்தப் பெட்டியை எப்படிக் கொடுப்பது?

ஆகவே பழையது வாங்கினால் ஐ3-8100 போல 8-இல் தொடங்குவது போதும். ஐ5-10400 போல ஐந்து இலக்கம் வந்தால் முதல் இரண்டையும் சேர்த்து, பத்தாம் தலைமுறை என்று படிக்க வேண்டும். புதிய மினி பிசிகளில் என்100 போன்ற சின்னச் சில்லு இருக்கும். இந்தக் கணக்கு அதற்குச் சேராது, ஆனால் விண்டோஸ் 11 நன்றாகவே ஓடும். ரேம் (வேலை நினைவகம்) 8 ஜிபி, எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) 256 ஜிபி. சுழலும் பழைய வகை ஹார்ட் டிஸ்க் மட்டும் உள்ளது என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம், திறப்பதற்குள் வீட்டுப் பெரியவர்கள் தேநீர் குடித்து முடித்துவிடுவார்கள்.

4. திரை

கூர்மையான 4கே திரை இளம் கண்களுக்கு. அத்தைக்கு 27 அங்குலத்தில் 1920 x 1080 புள்ளிகள் கொண்டதை எடுத்தேன். 24 அங்குலத்தில் இருக்கும் அதே புள்ளிகள் பெரிய பரப்பில் விரிவதால் எழுத்து தானாகவே எட்டில் ஒரு பங்கு பெரிதாகிவிடும். ஸ்பீக்கர் உள்ளே இருக்கிறதா என்றும் கேளுங்கள். மினி பிசியில் கேமரா இருக்காது, தனியாக ஒன்று வாங்க வேண்டும்.

5. மாட்டிய பிறகுதான் தெரிந்தது

பெட்டியைத் திரையின் முதுகில் மாட்டினால் அதன் சுவிட்சும் முதுகுக்குப் போய்விடுகிறது! அத்தை திரையின் பொத்தானை அமுக்கிவிட்டு, "அணைச்சிட்டேன்யா" என்று மூன்று நாள் கணினியை ஓடவிட்டிருந்தார். பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி மாட்டி, சுவிட்ச் விளிம்புப் பக்கம் வரும்படி செய்தேன். பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய ஒட்டுப் பொட்டு ஒன்றை அத்தையே எடுத்து அதன் மேல் ஒட்டினார், கல் வைத்தது. இப்போது பார்க்காமலேயே விரல் கண்டுபிடித்துவிடுகிறது. பவர் ஆப்ஷன்ஸில் அந்தப் பொத்தானுக்கு 'ஷட் டவுன்' என்று வைத்துவிட்டால், போடவும் அணைக்கவும் அதே பொட்டுதான்.

6. உள்ளே செய்ய வேண்டியவை

செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, அதற்குள் டெக்ஸ்ட் சைஸ். உங்கள் கண்ணை நம்பாமல், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் "போதும்" என்னும் வரை நகர்த்துங்கள். மவுஸ் அம்பையும் பெரிதாக்குங்கள். நடுங்கும் விரலுக்கு இரட்டைக் கிளிக் பெரும் பாடு. ஃபைல் எக்ஸ்புளோரர் ஆப்ஷன்ஸில் ஒரே கிளிக்கில் திறக்கும்படி மாற்றலாம். முகப்பில் நான்கே ஐகான்கள்: வாட்ஸ்அப், யூடியூப், மின்னல் எஃப்எம் வானொலி கேட்க ஆர்டிஎம் கிளிக் தளம், புகைப்படங்கள். அவருக்குச் சாதாரணக் கணக்கு கொடுத்து, நிர்வாகிக் கடவுச்சொல்லை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கண்ட கண்ட செயலி எளிதில் ஏறாது.

தமிழில் தட்டச்சு செய்ய, லாங்குவேஜ் பகுதியில் தமிழைச் சேர்த்தால் விசைப்பலகையும் வரும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்தினால் மாறும். நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் பழகியவர்களுக்கு அதையே போட்டுக் கொடுங்கள். பழகிய விரலை மாற்றச் சொல்வது பாவம்.

7. தூரத்திலிருந்து உதவ

கன்ட்ரோல், விண்டோஸ், கியூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குயிக் அசிஸ்ட் திறக்கும். உங்கள் கணினியின் குயிக் அசிஸ்டில் வரும் குறியீட்டை நீங்கள் சொல்ல, அவர் தட்டி அனுமதித்தால் அவர் திரை உங்களுக்குத் தெரியும். இதே வழியில் மோசடிக்காரர்களும் வருவார்கள். அதனால் "நான் கூப்பிட்டாத்தான் இதைத் தொடணும்" என்று சொல்லிவையுங்கள். தவறிப்போய்ப் பணம் போய்விட்டால் உடனே 997, மலேசியாவின் தேசிய மோசடி உதவி மையத்தின் எண். இந்த எண்ணைப் பெரிதாக எழுதித் திரைக்கு அடியில் ஒட்டியிருக்கிறேன்.

8. இடி மின்னல்

கோலாலம்பூர் சாயங்கால மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இணையம் வரும் ஃபைபர் கம்பி கண்ணாடி, மின்சாரம் கடத்தாது. ஆனால் மோடத்தின் அடாப்டர் சுவரில்தானே செருகியிருக்கிறது? இடியின் மின் எழுச்சி அதன் வழியே மோடத்துக்கும், அங்கிருந்து வயரில் கணினிக்கும் வரலாம். மோடத்திலிருந்து கணினிக்கு வயர் இழுக்காமல் வைஃபையில் இணைத்தால் அந்த வழி அடைபடும், தொங்கும் வயரும் ஒன்று குறையும். எக்ஸ்டென்ஷன் வாங்கும்போது சிரிம் முத்திரை (மலேசியத் தரச் சான்று) பார்த்து, மின் எழுச்சித் தடுப்பு உள்ளதாக எடுங்கள். அதுவும் நேரடி இடியைத் தாங்காது, பிளக்கைப் பிடுங்குவதுதான் வழி. குனியாமல் எட்டும் உயரத்தில் எக்ஸ்டென்ஷனை மாட்டிக் கொடுத்தேன். வானம் இருட்டினால் அத்தை முதலில் கொடியில் காயும் துணியை எடுக்கிறார், அடுத்து பிளக்கை.