சேலத்திலிருந்து நாகூர் தர்காவுக்கு நேர்த்திக்கடன் கொண்டுபோகிறவர்களுக்கு

முதலில் கிழமையைப் பாருங்கள். வியாழன் சாயங்காலம் தொடங்கி வெள்ளி முழுக்க நாகூரில் நிற்க இடமிருக்காது. கைக்குழந்தையோ முழங்கால் முடியாத பெரியவரோ கூட வந்தால் திங்கள், செவ்வாய், புதனில் போங்கள். வியாழன் இராத்திரி அங்கே தங்குவதாக வேண்டிக்கொண்டவர்கள் மட்டும் அந்தக் கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள்.

பெங்களூரு – காரைக்கால் ரயில் நம் சேலம் ஜங்ஷன் வழியாகத்தான் போகிறது. விருத்தாசலம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று சுற்றிப் போனாலும் நாகூரிலேயே இறங்கலாம், பெரியவர்களுக்கு அதுதான் சௌகரியம். பஸ் என்றால் புது பஸ் ஸ்டாண்டில் திருச்சி வண்டி ஏறி, தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம். அங்கிருந்து நாகூர் பக்கம்தான், டவுன் பஸ் இருக்கிறது.

இனி காணிக்கை. இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல முடியும். நாங்கள் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். நாகூருக்கு வேண்டிக்கொண்டு உருவம் செய்யச் சொல்லி வருகிறவர்கள் எல்லா வீடுகளிலிருந்தும் வருவார்கள். ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்துகிற அதே குடும்பம், நாகூர் ஆண்டவருக்குக் கால் உருவம் கேட்கும். கண் நோய்க்குக் கண், பிள்ளை வரத்துக்குத் தொட்டில், கடனில் மாட்டிய வீட்டுக்கு வீடு. கடற்கரைக்காரர்கள் படகு செலுத்துவார்கள்.

வெள்ளியில் தருவதாக வேண்டியிருந்தால் ஊரிலேயே செய்துகொண்டு போங்கள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வாங்கி எந்தப் பட்டறையில் கொடுத்தாலும் தகடாக்கி உருவம் தட்டித் தருவார்கள். எடையை எழுதி வாங்குங்கள். ஓரத்தை அரம் போட்டு மழுக்கித் தரச் சொல்லுங்கள். கூட்டத்தில் நெருக்கியடித்து நிற்கும்போது மழுக்காத தகடு உள்ளங்கையைக் கிழித்துவிடும், பக்கத்திலிருக்கும் குழந்தையின் முகத்திலும் படலாம். சுத்த வெள்ளி மெத்தென்றிருக்கும், பையில் சும்மா போட்டால் மடங்கிப்போகும். இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து நூல் சுற்றி எடுத்துப்போங்கள்.

வெறுமனே உருவத் தகடு வைப்பதாக வேண்டியிருந்தால் இவ்வளவும் வேண்டாம். தர்கா வாசல் கடைகளிலேயே வெள்ளை நிறத் தகட்டில் கண், கை, கால் எல்லாம் கிடைக்கும். அந்த விலைக்கு வெள்ளி வராது, வெள்ளியென்று நினைத்து வாங்க வேண்டாம். அதற்காக அது குறைந்த காணிக்கை என்று யாரும் கூசவும் வேண்டாம். வாயால் என்ன நேர்ந்தீர்களோ அதைக் கொடுங்கள். பக்கத்துக் குடும்பம் பூப்போர்வை சாத்துகிறதென்று கடன் வாங்கிச் சாத்தாதீர்கள். பட்டறையில் கூலிக்கு உட்காரும் பெண்கள் அப்படிச் செய்துவிட்டு வட்டி கட்டுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அங்கே யார் அடங்கியிருக்கிறார் என்று பிள்ளைகளுக்கு வண்டியிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள். நாகூர் ஆண்டவர் என்று நாம் சொல்லும் சாகுல் ஹமீது நாயகம் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். வடக்கே மாணிக்கப்பூரில் பிறந்து, பல ஊர் சுற்றி, நாகூரில் வந்து அமர்ந்தவர். தஞ்சாவூர் அச்சுதப்ப நாயக்கர் எந்த வைத்தியத்துக்கும் கேட்காத நோயில் கிடந்தாராம். சூனியம் வைத்து ஊசிகள் குத்தப்பட்ட ஒரு புறா அரண்மனையில் இருப்பதைக் கண்டுபிடித்து, நாயகம் ஒவ்வொரு ஊசியாகப் பிடுங்கப் பிடுங்க அரசர் வலி நீங்கி எழுந்தார் என்பார்கள். தர்காவில் புறா விடுவதாக வேண்டிக்கொள்கிறார்களே, அது இந்தக் கதையை ஒட்டித்தான். நாயக்கர் இடம் கொடுத்தார். பிறகு வந்த மராட்டிய அரசர் பிரதாப சிம்மன் (ஆட்சி 1739–1763) பிள்ளை வேண்டி, பிறந்ததும் கட்டிக் கொடுத்ததாகச் சொல்லப்படுவதுதான் 131 அடி உயரப் பெரிய மனோரா, அதாவது தர்காவின் கோபுரம். ஐந்து மனோராக்களில் அதுதான் தூரத்திலிருந்தே முதலில் கண்ணில் படும். அரசரும் நம்மைப் போல நேர்ந்துகொண்டு வந்தவர்தான் என்று சொன்னால் பிள்ளைகள் கவனித்துப் பார்ப்பார்கள்.

உள்ளே நாயகத்தின் அடக்கத்தலத்தோடு, அவர் மகனாக வளர்த்த யூசுப் சாகிப், மருமகள் சுல்தான் பீவி ஆகியோருடைய அடக்கத்தலங்களும் இருக்கின்றன. வாசல் வாசலாகக் கடந்து போக வேண்டும், வெள்ளி போர்த்திய கதவுகள் உண்டு. எங்கள் தொழில் அது என்பதால் ஒவ்வொரு தடவையும் அந்தக் கதவுகளின் முன் எனக்குக் கால் நின்றுவிடும். ஆனால் நடுவழியில் நின்று பார்க்காமல் ஓரமாக ஒதுங்கிப் பாருங்கள், பின்னால் வருகிறவர்களுக்கு வழி வேண்டும்.

பெரியவர் ஒருவர் ஓய்வெடுக்கும் வீட்டுக்குள் போவதுபோலப் போங்கள். கால் கழுவி, ஆண்கள் தலையில் தொப்பியோ கைக்குட்டையோ, பெண்கள் முந்தானையோ துப்பட்டாவோ போட்டுக்கொள்ளுங்கள். பெண்கள் எந்த வாசல் வரை போகலாம் என்று அங்கே நிற்பவரிடம் கேளுங்கள், அவர் சொன்ன இடத்தில் நின்று வேண்டினால் போதும். தொழுகை நேரமென்றால் காத்திருங்கள், தொழுகிறவர்களுக்கு முன்னால் குறுக்கே நடக்கக் கூடாது. செல்போனைப் பையில் வையுங்கள். எல்லா மதத்துக்காரரும் கூடுகிற அதிசயத்தைப் படம் பிடிக்கிறேன் என்று அழுதுகொண்டிருக்கும் ஒரு தாயின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவதை என்னால் சகிக்க முடியாது. அவள் அதிசயம் காட்ட வரவில்லை, அவள் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை.

பாத்திஹா என்ற வேண்டுதல் ஓதுவதற்குச் சாபுமார்கள், அதாவது தர்காவில் ஓதிக் கொடுப்பவர்கள், இருக்கிறார்கள். சர்க்கரையும் பூவும் வாங்கிக் கொடுத்து, யாருக்காக ஓத வேண்டும் என்று பெயரைச் சொல்லுங்கள். காணிக்கை எவ்வளவு என்பதை ஓதும் முன்பே பேசிவிடுங்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. வேண்டாமென்றால் கைகூப்பி “வேண்டாங்க” என்று சொல்லிவிட்டு நகரலாம். அரபி தெரியாதே, என்ன சொல்வது என்று என் மாமியார் முதல் தடவை தடுமாறினார். எங்கள் தெரு பாத்திமா அக்கா, “கையை ஏந்திக்கங்க அத்தை, உங்க மனசுல இருக்கறத உங்க பாஷையில சொல்லுங்க, அது போதும்” என்றார். இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களுக்கு நான் அதையேதான் சொல்கிறேன். திருநீறு பூசிய நெற்றியோடும், கழுத்தில் சிலுவையோடும் அங்கே நிற்கிறவர்கள் நிறைய. எதையும் அழித்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

மொட்டை போடுவதானால் காலை வெயில் ஏறுவதற்குள் முடியுங்கள். குழந்தைக்குப் புது பிளேடு என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். ஷிஃபா குண்டா குளத்துத் தண்ணீர் நோய் தீர்க்கும் என்பது நம்பிக்கை. கைக்குழந்தைக்குத் தலையில் தெளித்தால் போதும், வாயில் ஊற்றாதீர்கள்.

கந்தூரிக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் இஸ்லாமிய நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். ஜமாதுல் ஆகிர் மாதத்தில் 14 நாள் விழா, நம் கணக்குக்கு ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வந்துவிடும். கொடி ஊர்வலத்தில் கப்பல் வடிவ ரதங்கள் வரும். கடலோடிகளைக் காப்பவர் என்று நாயகத்தைக் கொண்டாடுவதால் அந்த அலங்காரம். சந்தனம் ஏற்றிவரும் சந்தனக்கூடு ரதம் நாகப்பட்டினத்திலிருந்து இரவில் புறப்பட்டு விடியும் முன் தர்கா வந்து, அடக்கத்தலத்தில் சந்தனம் பூசுவார்கள். இதற்குச் சந்தனக் கட்டையைத் தமிழக அரசு இலவசமாகத் தருகிறது. நம் சேர்வராயன் மலையிலும் சந்தன மரம் வளர்கிறதே என்று அந்த மணத்தில் நிற்கும்போது நினைத்துக்கொள்வேன். அந்த இரவுக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போகாதீர்கள். தங்குமிடத்தை மிக முன்னதாகப் பிடிக்க வேண்டும்.

சாயங்காலம் கடைத்தெருவில் சூடாக ‘வாடா’ என்ற பலகாரம் போடுவார்கள், இறால் வைத்தும் இருக்கும். சாப்பிடாமல் வராதீர்கள். வேளாங்கண்ணி, திருநள்ளாறு இரண்டும் பக்கத்தில் இருப்பதால் ஒரே நாளில் மூன்றையும் முடிக்கப் பார்க்கிறார்கள். பெரியவர்கள் துவண்டுவிடுவார்கள், ஓரிடத்திலும் நிம்மதியாக உட்கார முடியாது. நாகூரில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் காலை வேளாங்கண்ணி போங்கள். திருநள்ளாறு சேர்த்தால் சனிக்கிழமையைத் தவிருங்கள். மொட்டை போட்ட குழந்தைக்குச் சந்தனம் காய்ந்ததும் பருத்தித் தொப்பி போட்டு, வண்டியில் வெயில் படாத பக்கமாக உட்கார வையுங்கள்.