தெருப் பின்னலை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகரம் விரிய விரிய தெருக்களின் இணைப்பு எப்படி மாறுகிறது என்று அளக்கப் புதிதாக வருபவர்கள், நான் அன்று இடறிய அதே இடங்களில் இடறுகிறார்கள். அலகு மாறுவது, கோப்பு பழையதாக இருப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை இரண்டே நாளில் தானாகத் தெரிந்துவிடும்.

ஊர் முழுவதற்கும் ஒரே சராசரி

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. ஒரு புள்ளியில் எத்தனை தெருக்கள் கூடுகின்றன என்று எண்ணுகிறோம்: முட்டுச்சந்துக்கு 1, முச்சந்திக்கு 3, நாற்சந்திக்கு 4. எல்லாவற்றையும் கூட்டி வகுத்து, பழைய எண்ணோடு ஒப்பிட்டு, "பெரிய மாற்றமில்லை" என்று எழுதிவிடுகிறோம். நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். பழைய நகரில் 9,000 புள்ளிகள், சராசரி 3.2. புதிய புறநகரில் 1,000 புள்ளிகள், சராசரி 2.4. மொத்தச் சராசரி 3.12. குறைந்தது வெறும் 0.08! ஆனால் 2.4 வர வேண்டுமென்றால் அந்தப் புறநகரில் பத்துப் புள்ளிகளில் குறைந்தபட்சம் மூன்று முட்டுச்சந்தாக இருக்க வேண்டும். பழைய நகரின் பாரம் அதை மூடி மறைத்துவிடுகிறது.

என் அறிக்கையை நம்பி, அடுத்தடுத்த இரண்டு மனைப்பிரிவுகளுக்கு இடையே இணைப்புத் தெரு கேட்காமலேயே ஒப்புதல் தந்துவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், இந்தப் பக்கம் வீடு; பிள்ளைகள் பிரதான சாலை வரை போய்ச் சுற்றி வருகிறார்கள். மனைகள் விற்றுப்போன பிறகு அங்கே ஒரு சந்து திறப்பது எவ்வளவு பாடு! கட்டடம் மாறும், தெரு மாறாது. மன்ஹாட்டனில் 1811இல் காகிதத்தில் போட்ட கட்டங்களில்தான் இன்றும் நடக்கிறார்கள்.

ஆகவே எந்தக் காலத்தில் போட்ட தெரு என்று பிரித்த பிறகே சராசரி எடுங்கள். அமெரிக்காவில் புதுத் தெருக்களின் துண்டிப்பு 1990களின் நடுவில் உச்சம் தொட்டு, பிறகு குறையத் தொடங்கியது என்பது அப்படிக் காலவாரியாகப் பிரித்ததால்தான் புலப்பட்டது. மொத்தச் சராசரியில் அந்தத் திருப்பம் தெரியாது.

வரைபடத்தில் ஏறிய தேதி

தெரு போட்ட தேதி அதுவல்ல. பழைய செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிடுங்கள்.

வளைவைச் சந்திப்பாக எண்ணுவது

இரண்டே கோடுகள் சேரும் புள்ளியை நீக்குங்கள்.

நகர எல்லையில் வெட்டுவது

கோட்டோடு வெட்டினால் வெளியே ஓடும் சாலையெல்லாம் முட்டுச்சந்தாகிவிடும். எல்லைக்கு வெளியேயும் சிறிது தூரம் தரவு எடுத்து, கணக்கை மட்டும் உள்ளே போடுங்கள்.

காருக்கு மட்டும் அளப்பது

நெதர்லாந்தின் ஹௌட்டனில் ஒரு குடியிருப்பிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் போக வெளிவட்டச் சாலைக்கு வர வேண்டும், சைக்கிளுக்கோ நேர்வழி. காரின் கண்ணில் துண்டுபட்ட ஊர், நடப்பவருக்கு நன்றாகவே இணைந்திருக்கலாம். இதற்கு நேர்மாறும் உண்டு: வரைபடத்தில் திறந்து கிடக்கும் தெருவின் வாயிலில் பூட்டிய கேட். நடைக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று என இரண்டு பின்னல்களாக அளந்து, சந்தேகமான வாயில்களை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.