புது 155 சிசி ஸ்கூட்டர்: மொரிஷியஸ் ரோட்ல முதல் சில நாள் எப்படி ஓட்டணும்

125ல இருந்து 155க்கு மாறினவங்களுக்கு முதல்ல தெரியுறது வெயிட்தான், அதனால வீட்டுப் பக்கம் காலியான இடத்துல மெதுவா எட்டு போட்டு பழகிட்டு அப்புறம் மெயின் ரோட்டுக்கு வாங்க. புது டயர் மேல வழவழப்பு இருக்கும், 150 கிமீ ஓடுற வரைக்கும் ரவுண்டபவுட்ல ரொம்ப சாய்க்காதீங்க, அதுவும் மேட்டுல இருக்குற க்யூர்பிப் ஊர் பக்கம் எப்ப மழை வரும்னே சொல்ல முடியாது.

போர்ட் லூயிஸ்ல இருந்து க்யூர்பிப் சுமார் 550 மீட்டர் உயரம், அந்த ஏத்தத்துலதான் 155ஓட அருமை புரியும், பின்னாடி ஆள் இருந்தாலும் திணறாம இழுக்குது! ஆனா முதல் 1000 கிமீ வரைக்கும் த்ராட்டில முழுசா திருகாதீங்க, ஒரே வேகத்துலயும் ரொம்ப நேரம் ஓட்டாதீங்க, ஏத்தி இறக்கி ஓட்டுங்க, முதல் சர்வீஸ்ல ஆயில் மாத்துங்க.

இறக்கம்தான் முக்கியம். கேஸ் நொயால்ல இருந்து ஷமரேல் போற கொண்டை ஊசி ரோட்ல திரும்பி இறங்கும்போது த்ராட்டில சுத்தமா விட்டு வேகம் ரொம்ப குறைஞ்சா சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச் (இன்ஜின் வேகத்துக்கு ஏத்தபடி தானா பிடிச்சு விடுற கிளட்ச்) விடுபட்டு இன்ஜின் பிடிப்பு போயிடும், வண்டி சும்மா உருளும், அதனால லேசா த்ராட்டில் கொடுத்து கிளட்ச பிடிக்க விட்டு, வளைவுக்கு முன்னாடியே ரெண்டு பிரேக்கையும் சேர்த்து பிடிங்க, ஒரே பிரேக்க விடாம அழுத்தினா சூடாகி பிடிப்பு குறையும்.

கரும்பு வெட்டுற சீசன்ல லாரில இருந்து விழுற சோகையும் சேறும் ரோட்ல கிடக்கும், அதுமேல பிரேக் போடாதீங்க, நேரா தாண்டிப் போங்க.