நெற்றியில் எண்ணெய், கன்னத்தில் வறட்சி: என் அனுபவம்

எனக்குக் கலவைச் சருமம். நெற்றியும் மூக்கும் மதியத்துக்குள் எண்ணெய் வழியும். கன்னமோ செதில் செதிலாக உரியும். ஒரே கிரீம் இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. சரி, இடத்துக்கு ஒன்றாகப் பார்ப்போம் என்று பிரித்தேன்.

கன்னத்துக்கு ஓட்ஸ். நைசாக அரைத்து, வெதுவெதுப்பான நீரில் குழைத்துப் பூசி, தேய்க்காமல் கழுவினேன். ஓட்ஸில் உள்ள அவெனாந்த்ரமைடுகள் என்ற இயற்கைச் சேர்மங்கள் அரிப்பையும் சிவப்பையும் தணிக்கும். பிறகு ஈரம் காயும் முன்பே சூரியகாந்தி எண்ணெய் இரண்டு சொட்டு. எண்ணெய் தானாக ஈரம் தராது, இருக்கும் ஈரத்தை வெளியேறவிடாமல் பிடித்து வைக்கும். அதனால்தான் காய்ந்த தோலில் தடவியபோதெல்லாம் பெரிய பலன் இல்லை. சூரியகாந்தி எண்ணெயில் உள்ள லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் தோலின் மேல் அடுக்குக்கும் தேவையான ஒன்று.

நெற்றிக்கும் மூக்குக்கும் கற்றாழை ஜெல் மட்டும். மடலை வெட்டியதும் வரும் மஞ்சள் பாலை முழுதாக வடியவிட்டுக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அரிக்கும். தேங்காய் எண்ணெய் துளைகளை அடைக்கக்கூடியது என்பதால் முகத்துக்கு நிறுத்திவிட்டேன். (குதிகால் வெடிப்புக்கு இன்னும் அதுதான்.)

எலுமிச்சைச் சாற்றை மட்டும் யார் சொன்னாலும் முகத்தில் வைக்காதீர்கள். அதன் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 2-ஐ ஒட்டியது, தோலுடையது 5-ஐ ஒட்டியது. சாறு பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் கொப்புளமும் கருமையும் வரலாம்.

எதையும் முதலில் முழங்கை உட்புறத்தில் தடவி 24 மணி நேரம் பார்த்த பிறகே முகத்துக்கு. சில வாரங்களில் கன்னம் உரிவது நின்றது. மூக்கில் எண்ணெய் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான், முழுதாகப் போகவில்லை.