சாலையை அகலப்படுத்துமுன்: தோட்டப் பட்டணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இருக்கும் கல்வெர்ட்டுகள் இருபுறமும் நீட்டிக்கப்படும்." சென்ற மாதம் ஓர் இளம் பொறியாளர் என் பார்வைக்கு அனுப்பிய வரைவறிக்கையில், வடிகால் பற்றிய அத்தியாயத்தின் சாரம் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது. சாலைக்கு அடியில் தண்ணீரைக் கடத்தும் குழாய்களும் பெட்டிகளும்தான் கல்வெர்ட்டுகள். இதே வாக்கியத்தை நானும் என் இருபத்தெட்டாம் வயதில் எழுதினேன். அதன் விளைவை நான் அனுபவிக்கவில்லை. சாலையோரத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருந்தவர்கள் அனுபவித்தார்கள்.

மலேசியாவில், பேராக்கின் கடலோரத் தாழ்நிலத்தில், செம்பனை சூழ்ந்த ஒரு சிறு பட்டணத்தில் வாழ்கிறேன். ஒரு கடைத்தெரு, ஒரு தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், சற்றுத் தள்ளி எண்ணெய் ஆலை, இவற்றையெல்லாம் கோத்துக்கொண்டு போகும் இருவழிச் சாலை ஒன்று. வேலைக்குப் போகிற அத்தனை பேரும் விடியுமுன் அந்தச் சாலையில்தான் இறங்குகிறார்கள். இத்தகைய சாலைகளை நான்கு வழியாக்குவதற்கான திட்டமிடலும் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் தொழில். புதிதாக வருபவர்கள் கையேட்டைப் பார்த்தாலே திருத்திக்கொள்ளக்கூடிய பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன். பொதுப்பணித் துறையின் சாலை வடிவமைப்பு வழிகாட்டியான அரஹான் தெக்னிக் 8/86ஐ எடுத்து எந்தச் சாலைக்கு எந்த அகலம் என்று பார்க்க எவருக்கும் என் உதவி தேவையில்லை. கையேட்டில் அகப்படாத தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

போக்குவரத்தை ஏழு மணிக்கு எண்ணத் தொடங்குவது

நகரத்தில் பழகியவர்கள் காலை ஏழு மணிக்குக் கணக்கெடுப்பாளரைச் சந்தியில் நிறுத்துவார்கள். தோட்டப் பட்டணத்தின் நெரிசலில் பெரும்பகுதி அதற்குள் முடிந்துவிடும். தொழிற்சாலை பஸ்கள் ஐந்தரைக்கே லயங்களின் வாசலில் ஆள் ஏற்றத் தொடங்கும். பால் வெட்டுக்குப் போகிறவர்களும், ஷிஃப்ட் முடிந்து திரும்புகிறவர்களும், பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு அப்படியே வேலைக்குப் போகிற தாய்மார்களும் மோட்டார் சைக்கிளில்தான் போகிறார்கள். வெட்டிய செம்பனைக் குலையை 24 மணி நேரத்திற்குள் ஆலைக்குச் சேர்க்காவிட்டால் எண்ணெயின் அமிலம் கூடித் தரம் கெடும் என்பதால், குலை லோரிகள் பிற்பகலிலும் இரவிலும் ஆலை வாசலில் வரிசை கட்டும். அந்த வரிசை சாலை வரை நீளும். விளைச்சல் குறைந்த மாதத்தில் எடுத்த கணக்கில் இந்த வரிசையைக் காணவே முடியாது.

நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள். நடுவில் தடுப்புச் சுவரை எழுப்பிவிட்டு, இரண்டு கிலோமீட்டர் தள்ளி யூ-டர்ன் வைத்தால், லயத்து வாசல் எதிரே தெரிகிற ஒருவர் அவ்வளவு தூரம் சுற்ற மாட்டார். சாலையோரமாக எதிர்த்திசையில் வருவார். அதை அவருடைய ஒழுக்கக்கேடு என்று அறிக்கையில் எழுதக் கூடாது, ஏனென்றால் அந்தப் பாதையை அவருக்கு வரைந்து கொடுத்தவர்கள் நாம்.

கல்வெர்ட்டை நீட்டினால் போதும் என்று எழுதுவது

தாழ்நிலத்துப் பழைய இருவழிச் சாலைகள் பெரும்பாலும் தோட்டத்து நிலமட்டத்திலிருந்து ஓரிரண்டு அடி உயரத்தில்தான் இருக்கும். பெருமழை கொட்டும்போது அந்தச் சாலையின் மேலேயே தண்ணீர் ஏறி, மறுபக்கம் இறங்கி, கடலை நோக்கிப் போகும் கால்வாயில் விழுந்துவிடும். இரண்டு மூன்று மணி நேரம் வாகனம் ஓடாது, பிறகு வடிந்துவிடும். ஏரிக்குக் கலிங்கு எப்படியோ, அப்படித்தான் அந்த லயங்களுக்குப் பழைய சாலை. குழாயில் அடங்காத தண்ணீரை அது தன் முழு நீளத்திலும் வழியவிட்டது. வரைபடத்தைப் பார்க்கிறவருக்குச் சாலைக்கு அடியில் போகும் 900 மில்லிமீட்டர் குழாய் மட்டுமே வடிகாலாகத் தெரியும். சாலையே ஒரு வடிகாலாக இருந்தது தெரியாது.

இப்போது சாலையை அகலப்படுத்துகிறோம். வெள்ளத்தில் மூழ்கக் கூடாது என்பதற்காக அதை உயர்த்துகிறோம், அது சரியான முடிவுதான். நடுவில் தொடர்ச்சியாகக் கான்கிரீட் தடுப்பு வைக்கிறோம். அந்த நாளே கலிங்கு அடைபட்டுவிட்டது. வழிந்து போன தண்ணீர் அனைத்தும் இனிக் குழாய்க்குள்தான் நுழைய வேண்டும், அந்தக் குழாயையோ நாம் நீட்டி வைத்திருக்கிறோம். 12 மீட்டராக இருந்தது 30 மீட்டரானால் குழாய்ச் சுவரின் உராய்வால் ஏற்படும் இழப்பு இரண்டரை மடங்காகிறது. கடல் ஓதம் ஏறி வெளிவாய் மூழ்கியிருக்கும் நேரத்தில் குழாயின் கொள்திறனை அதன் வாய் மட்டும் தீர்மானிப்பதில்லை, நீளமும் சேர்ந்து தீர்மானிக்கிறது. குழாயின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு வண்டல் படிந்துவிட்டால், தண்ணீர் போகும் பரப்பில் ஏறக்குறைய 29 விழுக்காடு போய்விடும். கணக்குத் தாளில் மட்டும் அந்தக் குழாய் எப்போதும் புதிதாகவும் வெறுமையாகவும் இருக்கும்.

என் தவறு இதோடு நிற்கவில்லை. நீர் வரத்துப் பரப்பை நிலத்தின் சமஉயரக் கோடுகளை வைத்து வரைந்தேன். மலைப்பாங்கான இடத்தில் அது சரி. ஆனால் சமதளத் தோட்டத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதை உயரத்தைவிடத் தோட்டத்தின் உள்கால்வாய்களும் வாட்டர் கேட்டுகளும்தான் முடிவு செய்கின்றன. செம்பனையை ஏறத்தாழ 25 ஆண்டுக்கொரு முறை அழித்து மறுநடவு செய்யும்போது கால்வாய்களையும் புதிதாக வெட்டுவார்கள்; ஒரு தோட்டப் பகுதியின் தண்ணீர் வேறொரு வாய்க்கு மாறிவிடும். அந்தக் கால்வாய்ப் படம் தோட்ட அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தது. நான் அங்கே போய்க் கேட்கவே இல்லை.

சாலை திறந்து முதல் மழைக்காலம். தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். எனக்குத் தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வடிந்திருந்தது. லயத்தின் கடைசி வீட்டில் ஒரு மூதாட்டி தன் சமையலறைப் பலகைச் சுவரைக் காட்டினார். நீல வண்ணத்தின் மேல் இரண்டு சேற்றுக் கோடுகள் இருந்தன. ஒன்று கணுக்கால் உயரத்தில், பழையது, தேய்ந்துபோனது. மற்றொன்று மின்சார சுவிட்சுக்கு ஒரு சாண் கீழே, இன்னும் ஈரம் காயாமல். அரிசி டின்னை அவர் வழக்கம்போல இரண்டு செங்கல் மேல் வைத்திருந்தார், அத்தனை ஆண்டுகளும் இரண்டு செங்கல் போதுமானதாக இருந்திருக்கிறது.

"முன்னெல்லாம் ரோட்டு மேல ஏறி அந்தாண்ட ஓடிரும் தம்பி. இப்ப ரோட்ட ஒசத்திட்டாங்க, நடுவுல செவுரு வேற. தண்ணி எங்க போவும்?"

நான் பல பக்கம் எழுதியும் பிடிபடாததை அவர் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டார். அந்தச் சாலையை வரைந்தவர்களில் நானும் ஒருவன் என்று அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, தேத்தண்ணி குடிக்கிறாயா என்று கேட்டார். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த வறண்ட மாதங்களில், போட்டு ஓராண்டுகூட ஆகாத தாரை வெட்டி, மூன்று இடங்களில் பெட்டிக் கல்வெர்ட்டுகளை இறக்கினோம். பகலில் வாகனத்தை நிறுத்த முடியாததால் எல்லாம் இரவு வேலை, ஒரு பாதையை மூடி மறுபாதையில் மாற்றி மாற்றி விடும் வேலை. முதலிலேயே வைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிடப் பல மடங்கு கூடுதலாக ஆனது. நனைந்துபோன பாடப்புத்தகங்களும், கெட்டுப்போன குளிர்பதனப் பெட்டிகளும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இன்று எனக்கு எரிச்சலூட்டுவது இளம் பொறியாளர்களின் அறியாமை அன்று. அவர்களுக்கு நீரியல் என்னைவிட நன்றாகத் தெரியும். வடிகால் நீர்ப்பாசனத் துறை 2000ஆம் ஆண்டில் முதலில் வெளியிட்ட மஸ்மா என்ற மழைநீர் மேலாண்மைக் கையேட்டை வைத்துக் கணினியில் ஒரு மணி நேரத்தில் மாதிரி அமைத்துவிடுவார்கள். "நீட்டிக்கப்படும்" என்ற அந்தச் செயப்பாட்டு வினைதான் என்னை உறுத்துகிறது. அப்படி எழுதிவிட்டால் எவரும் காலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு மழையில் நடக்க வேண்டியதில்லை.

நடந்து பாருங்கள். அடைமழை பெய்த மறுநாள் காலையில் சாலை நெடுகப் போய், தண்ணீர் எங்கே ஏறிக் கடந்தது என்று அங்கே வாழ்பவரிடம் கேளுங்கள். சுவர்களில் உள்ள கோடுகளை மட்டமானி வைத்து அளந்து, சாலைத் திட்டம் உயரங்களை அளக்க எந்த அடிமட்டத்தைப் பயன்படுத்துகிறதோ அதே அடிமட்டத்தோடு இணையுங்கள். உங்கள் மாதிரியில் பழைய சாலையின் மேல்தளத்தையும் வழிந்தோடும் பாதையாகச் சேர்த்து, அகலப்படுத்துவதற்கு முன்னும் பின்னும் லயத்துப் பக்க வெள்ள மட்டம் எவ்வளவு மாறுகிறது என்பதை அறிக்கையின் முதல் அட்டவணையாக வையுங்கள். மழை உச்சமும் ஓத உச்சமும் ஒரே நேரத்தில் வரும் நிலையையும் ஓட்டிப் பாருங்கள். தோட்ட மேலாளரிடம் கால்வாய்ப் படத்தையும், அடுத்த மறுநடவு எந்த ஆண்டு என்பதையும் கேட்டு வாங்குங்கள். நடுத்தடுப்பில் தண்ணீர் கடக்க இடைவெளி வேண்டும் என்பதை வடிவமைப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். எல்லா அகலப்படுத்தலுக்கும் முழு மதிப்பீட்டு அறிக்கை தேவைப்படாது. ஆனாலும் அறிக்கை தேவைப்படாத சாலையிலும் மழை பெய்யத்தான் செய்யும்.

கிராண்டு இல்லாதவரைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், இழப்பீடு கேட்கும் உரிமையுள்ளவர் யார் என்று விளக்கும் இடத்திலேயே, உரிமையாளரின் இசைவு இருக்கும்வரை மட்டும் குடியிருப்பவரை விலக்கிவிடுகிறது. தோட்டத்து வீட்டில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தாலும், கையில் நிலப் பட்டாவான கிராண்டோ முறையான குத்தகையோ இல்லாதவர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார். நில அளவைப் படத்தில் ஒரே எண்ணுள்ள ஒரு பெரிய மனை தெரியும். அதன் ஓரத்தில் இருக்கும் இருபது வீடுகளோ, சந்தியில் மரத்தடியில் இருக்கும் முனீஸ்வரர் கோயிலோ, தோட்டத்து இடுகாடோ தெரியாது. தமிழ்ப்பள்ளிக் கட்டடம் தெரிந்தாலும், அது நிற்கும் நிலம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதை அந்தப் படம் தனியாகச் சொல்லாது.

சட்டப்படி இழப்பீடு இல்லை என்பதால் பாதிப்பும் இல்லை என்று எழுதுவது பெரும் தவறு. மதிப்பீட்டு அறிக்கையின் வேலை பாதிப்பைச் சொல்வது. வீடு வீடாகப் போய் எண்ணுங்கள். கோயில் நிர்வாகத்தினரைச் சாலைக்கோடு முடிவாவதற்கு முன்பே உட்காரவைத்துப் பேசுங்கள். கோடு முடிவான பிறகு பேசினால் அது பேச்சாக இராது, அறிவிப்பாகத்தான் இருக்கும். ஒரு முறை கோட்டை எதிர்ப்பக்கமாகச் சில மீட்டர் நகர்த்தியதில் ஒரு கோயிலும் அதன் அரசமரமும் தப்பின. எதிர்ப்பக்கம் இருந்தது செம்பனை மட்டுமே. அதைக் கண்டுகொள்ள ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது.

நில எடுப்பின் கெடுவை மறப்பது

அதே சட்டத்தின் நான்காம் பிரிவின்கீழ், நிலம் எடுக்கப்படலாம் என்ற அறிவிப்பு வந்து 12 மாதத்திற்குள், நிலம் தேவை என்று சொல்லும் எட்டாம் பிரிவின் பிரகடனம் வராவிட்டால் அறிவிப்பு செத்துவிடும். பிரகடனம் வந்து இரண்டு ஆண்டுக்குள் இழப்பீட்டுத் தீர்ப்பு வராவிட்டால் அதுவும் செத்துவிடும். சாலைக்கோட்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளட்டும். இழப்பீட்டில் மனநிறைவில்லாத சிறு நில உரிமையாளருக்கும் கெடு உண்டு: விசாரணையில் கலந்துகொண்டவர் தீர்ப்பு நாளிலிருந்து ஆறு வாரத்திற்குள் பாரம் 'என்' என்ற ஆட்சேபப் படிவத்தைக் கொடுத்தாக வேண்டும். கூட்டங்களில் இதைத் தமிழில் சொல்லுங்கள்.

திட்டத்தைத் துண்டாக்கி மதிப்பீட்டிலிருந்து நழுவுவது

செய்யாதீர்கள்.

மக்கள் கருத்துக் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைப்பது

அந்த நேரத்தில் தோட்டத்தில் வேலை செய்கிற ஒருவர்கூட வர முடியாது.

பழைய கரையையும் புதிய கரையையும் ஒன்றாக நினைப்பது

மேற்குக் கடலோரத்தின் மென்மையான கடற்களிமண் மேல் பழைய சாலைக் கரை ஐம்பது அறுபது ஆண்டுகளாக அமுங்கி அடங்கிவிட்டது. அதன் பக்கத்தில் நாம் கொட்டும் புதிய மண் இனிமேல்தான் அமுங்கத் தொடங்கும். இரண்டும் ஒட்டும் கோட்டில் சாலையின் நீளவாக்கில் வெடிப்பு விழும். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் சிக்கிக்கொள்ளும் வெடிப்பு அது. 1980களில் மூவாரில் நெடுஞ்சாலை ஆணையம் சோதனைக் கரைகளைக் கட்டிப் பார்த்ததே இந்தக் களிமண் எவ்வளவு தாங்கும், எப்படி அமுங்கும் என்று அறியத்தான்.

கூடுதல் மண்ணை முன்சுமையாக ஏற்றி அமுங்கவிடுவதற்கும், களிமண்ணின் நீரை வெளியேற்றும் வடிகுழல்கள் இறக்குவதற்கும் மாதக்கணக்கில் காலம் வேண்டும். அந்த மாதங்களைக் கால அட்டவணையில் தொடக்கத்திலேயே எழுதாமல் விட்டால், பிறகு எவராவது அவற்றைச் சுருக்கச் சொல்வார்கள். மட்கிய தாவரம் நிறைந்த கரிமண் உள்ள இடத்தில் பக்கவாட்டுக் கால்வாயை ஆழமாக வெட்டிவிட்டால் நிலத்தடி நீர் இறங்கி, மண் காய்ந்து, வறட்சியில் உள்ளுக்குள்ளேயே புகையத் தொடங்கும். கால்வாயின் ஆழத்தை வடிகால் பிரிவினரும் மண் பிரிவினரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். நான் திருப்பி அனுப்பிய அந்த வரைவறிக்கையில் இரண்டு அத்தியாயங்களும் வெவ்வேறு ஆழத்தைக் குறித்திருந்தன.