எரிமலைக் குன்றின் மேல்மண்ணை அளந்து பார்ப்பது எப்படி?

மகாராஷ்டிரத்தில் அகமதுநகர் (இப்போது அஹில்யாநகர்), பீட், சோலாப்பூர் பக்கம் போனால் படிப்படியாக ஏறும் மொட்டைக் குன்றுகளைப் பார்க்கலாம். மழை முடிந்த கையோடு பச்சை, அப்புறம் பொன் நிறப் புல், ஏப்ரலில் வெறும் கல். இங்கே மரம் நட வருகிறவர்களில் பலர் கன்றைக் குழியில் வைத்த பிறகுதான் மண்ணைப் பற்றி யோசிக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். எத்தனை செ.மீ. மண் இருக்கிறது, அதில் எவ்வளவு கல், அடியில் இருப்பது இறுகிய பாறையா உதிரும் பாறையா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால் என்ன செய்யலாம் என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும். ஆய்வகம் வேண்டாம், அரை நாள் போதும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி இறுகியதுதான் இந்தத் தக்காணப் பாறை. இன்றும் ஏறக்குறைய 5 லட்சம் சதுர கி.மீ. பரப்பில் இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கிலும் இறுகிய பசால்ட் (கருநிற எரிமலைப் பாறை) ஒரு பகுதி. அதன் மேலே காற்றுக்குமிழ் இருந்த துளைகளோடு கூடிய பகுதி. துளைப் பாறை சீக்கிரம் சிதைந்து சரிவாகிவிடும், இறுகியது செங்குத்தாக நிற்கும். குன்று படிப்படியாகத் தெரிவது இதனால்தான். சகயாத்ரியின், அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையின், மழைமறைவில் இருப்பதால் இந்தப் பகுதியில் ஆண்டுக்கு 500, 600 மி.மீ. மழைதான், மேற்கே மலைமேல் இருக்கும் மகாபலேஷ்வரில் 5000 மி.மீ.க்கு மேல் கொட்டுகிறது. மழை குறைவு என்பதால் பாறை மெதுவாகத்தான் மண்ணாகிறது. அப்படி உண்டாகும் களியையும் சரிவு கீழே அனுப்பிவிடுகிறது. பள்ளத்தாக்கில் இருக்கும் ஆழமான கரிசல் எல்லாம் இப்படி இறங்கிச் சேர்ந்ததும், அங்கேயே விளைந்ததும்தான்.

தமிழ்நாட்டுக் குன்றுகள் பெரும்பாலும் கிரானைட், நைஸ், சார்னோகைட் வகை. கீழே வரும் அளவு முறைகளை அங்கேயும் பயன்படுத்தலாம். பாறையைப் பற்றிச் சொல்வதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்னென்ன வேண்டும்

கடப்பாரை, மண்வெட்டி, அளவு நாடா, 2 மி.மீ. கண் உள்ள சல்லடை, ஒரு பிளாஸ்டிக் தாள், அளவுக் கோடு போட்ட ஜக்கு, பக்கெட், 15 லிட்டர் தண்ணீர், இரண்டு பக்கமும் வெட்டிய டின், கொஞ்சம் வினிகர். அக்டோபரில் போவது நல்லது: மண்ணில் ஈரம் இருக்கும், புல்லும் கதிர் விட்டிருப்பதால் அடையாளம் தெரியும். நிலம் ஊர்ப் பொது மேய்ச்சல் நிலமா வனத்துறையுடையதா என்று கிராமப் பஞ்சாயத்தில் கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கல்லைக் கையால் புரட்டவே கூடாது. சுருட்டை விரியனும் செந்தேளும் விரும்பித் தங்கும் இடம் இது. கடப்பாரையால் நெம்பிப் பார்த்த பிறகு கையை வையுங்கள்.

படி 1: மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள்

உச்சி, நடுச்சரிவு, அடிவாரம். ஒரே குன்றில் இந்த மூன்றும் மூன்று வேறு மண். உச்சியில் ஒரு குழி மட்டும் தோண்டிவிட்டு முழுக் குன்றுக்கும் முடிவெடுத்தால் தவறாகத்தான் போகும். நடக்கும்போதே புல்லையும் பாருங்கள். விதையில் நீண்ட முறுக்கிய ஊசியோடு உடையில் குத்தி ஏறுவது ஊசிப்புல், மராத்தியில் குசளி. அந்த ஊசி ஈரம் பட்டால் முறுக்கவிழ்ந்து, காய்ந்தால் மறுபடி முறுகி, விதையை மண்ணுக்குள் திருகி இறக்கிவிடும். கல் நிலத்தில் அது பிழைப்பதற்கு இது பெரிய துணை. பவ்னா, மார்வேல் போன்ற பல்லாண்டுப் புற்கள் தூர் கட்டி நின்றால் மண் கொஞ்சம் நல்ல நிலையில் இருக்கிறது. மெலிந்த ஓராண்டுப் புல் மட்டும் இருந்தால் மேய்ச்சல் மிஞ்சிவிட்டது என்று குறித்துக்கொள்ளலாம்.

படி 2: குழி தோண்டி ஆழம் பாருங்கள்

20 செ.மீ.க்கு 20 செ.மீ. சதுரம் போதும். மேல்மண்ணை ஒரு சாக்கில் தனியாகப் போடுங்கள். தட்டுப்படும்வரை தோண்டி நாடாவால் அளங்கள். 25 செ.மீ.க்குக் குறைவென்றால் மிக ஆழமற்ற மண், 25 முதல் 50 வரை ஆழமற்ற மண் என்பது இந்திய மண் அளவையில் வழக்கம். உச்சியில் 10 செ.மீ. கூட இல்லாத இடங்கள் நிறைய உண்டு.

தட்டுப்படுவது எது என்பதுதான் இந்த வேலையில் மிக முக்கியமான கேள்வி. கடப்பாரையை ஓங்கிப் போடுங்கள். கணீரென்று ஒலித்து கை அதிர்ந்தால் இறுகிய பசால்ட். மந்தமான சத்தத்தோடு முனை இறங்கி, பழுப்பாகப் பொடிந்தால் அது முரூம், அதாவது பாதி சிதைந்த பாறை. அதில் உருண்டைக் கற்கள் வெங்காயம் போலத் தோல் தோலாக உரிவதைப் பார்க்கலாம். வேர் இந்தத் தோல்களின் இடுக்கில் நுழையும், தண்ணீரும் நுழையும். மண் 15 செ.மீ. என்று ஏட்டில் எழுதியிருந்தாலும் அடியில் நல்ல முரூம் இருந்தால் செடிக்குக் கிடைக்கும் ஆழம் அதைவிட அதிகம். சந்தேகமாக இருந்தால் குழியின் அடியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். அரை மணி கழித்தும் அப்படியே நின்றால் அடி மூடிய பாறை.

சில இடங்களில் செங்கல் நிறத்தில் ஒரு களி அடுக்கு தெரியலாம். இரண்டு குழம்பு அடுக்குகளுக்கு நடுவே இருப்பது அது. பல இடங்களில் தண்ணீரைக் கீழே விடாது, அதன் மேல்விளிம்பில் ஊற்று கசியும்.

படி 3: கல்லை அளங்கள்

பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் படி இது. தயவுசெய்து விடாதீர்கள்.

காலிக் குழிக்குள் பிளாஸ்டிக் தாளை விரித்து, தரைமட்டம் வரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை லிட்டர் பிடித்ததோ அதுதான் குழியின் கொள்ளளவு. அடுத்து, தோண்டிய மண்ணைச் சலித்து, தங்கிய கற்களை எல்லாம் விளிம்பு வரை தண்ணீர் நிரம்பிய பக்கெட்டில் மெதுவாகப் போடுங்கள். வழியும் தண்ணீரைப் பிடித்து அளந்தால் கல்லின் கனஅளவு கிடைத்துவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். குழி 20 செ.மீ. ஆழம், 8 லிட்டர். கல் 3.2 லிட்டர், அதாவது 40 சதவீதம். மீதி 60 சதவீதம்தான் மண். எனவே 20 செ.மீ. ஆழத்தில் உண்மையான மண் 12 செ.மீ. களி கலந்த பொறை மண் (பொறை என்பது மணலும் வண்டலும் களியும் கலந்த மண்) தன் கனஅளவில் ஏறக்குறைய 15 சதவீதம் நீரைச் செடிக்குத் தரும். 12 செ.மீ.யில் 15 சதவீதம் 1.8 செ.மீ., அதாவது 18 மி.மீ. மழைக்கால வெயிலில் புல்லும் தரையுமாக ஒரு நாளைக்கு 5 மி.மீ. எடுத்தால் நான்கு நாள்கூட வராது. ஜூலை, ஆகஸ்டில் இரண்டு வாரம் மழை நின்றால் புல் உறங்கிவிட்டு மறுபடி துளிர்க்கும். போன மாதம் நட்ட கன்று காய்ந்துவிடும். சிதைந்த துளைக்கல்லும் கொஞ்சம் நீர் பிடிக்கும் என்பதால் இந்தக் கணக்கு சற்றுக் குறைவாகவே காட்டும். ஆனாலும் முடிவு மாறாது.

படி 4: மண்ணைத் தொட்டுப் பாருங்கள்

சலித்த மண்ணில் நீர் சேர்த்துப் பிசைந்து, கட்டைவிரலால் தள்ளி நாடாவாக நீட்டுங்கள். 2.5 செ.மீ.க்குள் அறுந்தால் பொறை மண், 5 செ.மீ. வரை நீண்டால் களிப்பொறை, அதற்கும் மேல் களி. வெள்ளைத் துணுக்கு இருந்தால் நசுக்கி வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, பாறைத் துளைகளை அடைத்திருந்த கால்சைட்டாகவும் இருக்கலாம்.

படி 5: மழை உள்ளே இறங்குமா?

டின்னை 3, 4 செ.மீ. தரையில் இறக்கி, விளிம்பைக் களியால் அடைத்து, 25 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி நேரம் குறியுங்கள். ஒரு முறை மொட்டைத் தரையில், ஒரு முறை புல்தூரின் பக்கத்தில். இரண்டும் ஒரே மண், ஒரே ஆழம், ஆனால் பெரும்பாலும் புல்தூரின் பக்கத்தில்தான் தண்ணீர் சீக்கிரம் இறங்கும். கால்நடை மிதித்து இறுகிய தரையில் மழை நேராக ஓடைக்குப் போய்விடுகிறது, போகும்போது மண்ணையும் எடுத்துக்கொண்டு.

படி 6: முடிவெடுங்கள்

மண் 25 செ.மீ.க்குள், அடியில் கணீர் பாறை: மரம் வேண்டாம், தோண்டவும் வேண்டாம். சமமட்டக் கோட்டில் (சரிவில் ஒரே உயரத்தில் போகும் கோடு) கற்களை அடுக்கி, மேய்ச்சலை இரண்டு மழைக்காலம் நிறுத்திப் புல்லை வர விடுங்கள். இந்தப் புல்வெளியைத் தரிசு என்று எழுதுவது எனக்கு வருத்தம் தரும் விஷயம். ஓநாயும் வெளிமானும் தங்கர் இடையர்களின் ஆடுகளும் வாழ்வது இதை நம்பித்தான். கிளைரிசிடியா மரத்தைக் கொண்டுவந்து இதை மூட வேண்டிய அவசியமே இல்லை.

அதே ஆழம், அடியில் முரூம்: சமமட்ட வாய்க்கால் வெட்டலாம். 60 செ.மீ. அகலம், 30 முதல் 45 செ.மீ. ஆழம், எடுத்த மண் சரிவின் கீழ்ப்பக்கம். மட்டம் பார்க்க, ஏ வடிவ மரச்சட்டத்தில் கல் கட்டிய கயிற்றைத் தொங்கவிட்டால் போதும். உச்சியிலிருந்துதான் தொடங்க வேண்டும். கீழே தொடங்கினால் முதல் பெருமழையே எல்லாவற்றையும் உடைத்துவிடும். வரப்பில் சீதா நடலாம். பீட் மாவட்டத்துச் சீதாப்பழம் புவிசார் குறியீடு பெற்றது இப்படிப்பட்ட கல் நிலத்தை நம்பித்தான். அகமதுநகர் மாவட்டத்து ஹிவரே பஜார் கிராமத்தில் 1989-இல் போபட்ராவ் பவார் ஊர்த் தலைவரான பிறகு குன்றுகளில் இந்த வேலை நடந்தது. வாய்க்காலோடு நிறுத்தவில்லை, மேய்ச்சலையும் மரம் வெட்டுவதையும் ஊரே கட்டுப்படுத்தியது, புல்லை அறுத்து எடுத்துப் போக மட்டும் அனுமதித்தது.

குழியைத் திரும்ப மூடும்போது அடிமண் முதலில், மேல்மண் கடைசியில். திறந்த குழியில் ஆட்டுக்குட்டியின் கால் மாட்டும். இடத்தை ஃபோனில் குறித்து வைத்தால் அடுத்த அக்டோபரில் அதே இடத்துக்குப் பக்கத்தில் டின் சோதனையைத் திரும்பச் செய்து ஒப்பிடலாம்.

மேய்ச்சலை நிறுத்துவதைத் தனியாக முடிவு செய்யாதீர்கள். தங்கர்கள் மழை முடிந்ததும் ஆடுகளோடு கொங்கணம் போய், அடுத்த மழைக்கு முன் திரும்புகிறார்கள். எந்தப் பகுதியை மூடுவது, எந்தப் பகுதி அவர்களுக்குத் திறந்திருக்கும், எப்போது மாற்றுவது என்பதை அவர்கள் கிளம்பும் முன் உட்கார்ந்து பேசிவிடுங்கள். வேலி போடுவதெல்லாம் அதற்கு அப்புறம்.